கெட்டிமேளத்தை ஸ்பீக்கரில் போடாதீர்கள்

கல்யாணச் செலவைக் குறைக்க உட்கார்ந்தால் முதலில் கை வைப்பது நாதஸ்வரத்தில்தான். "ஸ்பீக்கர்ல போட்டுக்கலாமே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். பழமையைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அந்த வேலையைப் பதிவால் செய்ய முடியாது.

கூறைப்புடவை மாற்றப் போன பெண் வரத் தாமதமாகும். தாலித்தட்டு ஆசீர்வாதத்துக்குக் கூட்டத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும். எத்தனை நிமிஷம் என்று புரோகிதருக்கே தெரியாது. அனுபவமுள்ள வித்வான் அந்த நேரத்தில், தாளமில்லாமல் ராகத்தை விரித்துக்கொண்டே போகும் ஆலாபனைதான் வாசிப்பார். கீர்த்தனை தாளக்கட்டுக்குள் போவது, நடுவில் நிறுத்தினால் அறுந்தது தெரிந்துவிடும். ஆலாபனையை வேண்டிய மட்டும் நீட்டலாம், எந்த இடத்திலும் ஆதார சுரமான ஷட்ஜத்துக்குக் கொண்டுவந்து முடிக்கலாம். புரோகிதர் கை அசைந்ததும் தவில் கெட்டிமேளத்துக்குத் தாவும். அந்த நேரத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது என்பார்கள். அதனால் மூன்று முடிச்சும் விழும்வரை வேகம் தளராது. பதிவை நம்பியவர்கள் அப்போது போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள், விளம்பரம் முந்திக்கொள்ளும்.

ஆளை வரவழைத்தும் கெடுப்பதுண்டு. பெரும்பாலும் உட்கார வைக்கும் இடம்தான் காரணம். மண்டப மூலையில், தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தால் அவர்களுக்குத் தாலி தெரியாது. யாரோ கத்துவதைக் கேட்டுத்தான் கெட்டிமேளம் கிளம்பும், அதற்குள் முதல் முடிச்சு விழுந்திருக்கும். மணவறைக்குப் பக்கவாட்டில், புரோகிதர் கை நேராகத் தெரியும் இடம் கொடுங்கள். நடுவில் நின்று மறைக்க வேண்டாம் என்று வீடியோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஏசி காற்று முகத்தில் அடிக்கும் இடமும் ஆகாது. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி நாணலில் செய்தது, ஈரம் காய்ந்தால் சுருதி பிசகும், பிசிறும். தவில் தோலும் ஈரக்காற்றில் தொய்ந்து, வெயிலில் விறைக்கும். வந்தவுடன் வாசிக்கச் சொல்லாமல் அரைமணி நேரமாவது விடுங்கள்.

மைக் பெரும்பாலும் தேவையே இல்லை. வீதியில், கோயில் பிராகாரத்தில் ஒலிக்கவென்று உருவான வாத்தியம் இது. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பரவலாக்கிய பாரி நாயனம் என்ற நாதஸ்வர வகை, திமிரி என்ற பழைய வகையைவிட நீளம், சுருதியும் கீழே, அதனால்தான் உள்ளரங்கில் காதை அறுக்காமல் நிற்கிறது. அதன்மேல் மைக்கைக் கூட்டி வைத்துவிட்டு "ஒரே இரைச்சல்" என்று வித்வான்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம், சுருதிப்பெட்டி என்பது நிறைவான செட். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் இழுத்துப் பிடிப்பார். ஒற்றை நாயனம் சிறிய கல்யாணத்துக்குப் போதும், ஆனால் மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், முகூர்த்தம் எல்லாவற்றுக்கும் ஒருவரே ஊதினால் உதடு தளர்ந்துவிடும்.

விடியற்காலை முகூர்த்தமென்றால் அவர்கள் இருட்டிலேயே வந்து சேர்ந்திருப்பார்கள். காபி, டிபன் கவனிக்க வீட்டு ஆள் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், கடைசிப் பந்திவரை நிறுத்திவைக்காதீர்கள். பேசிய பணத்தை முகூர்த்தம் முடிந்த கையோடு, வெற்றிலைபாக்கு வைத்துக் கொடுத்துவிடுங்கள்.