அவள் வாளியைக் கவிழ்க்கும் இடம்

கனேட்டோ ஷிண்டோ 1960இல் எடுத்த ‘நிர்வாணத் தீவு’ என்ற ஜப்பானியப் படத்தைப் பெண்ணின் பொறுமையைப் போற்றும் காவியம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். அந்தப் பாராட்டை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஹிரோஷிமாவை ஒட்டிய உள்கடலில் ஒரு சின்னத் தீவு. அதில் ஒரே குடும்பம்: கணவன், மனைவி, இரண்டு பையன்கள். தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. பொழுது விடியும் முன்பே அக்கரைக்குப் படகு வலித்துப்போய் மொண்டு வர வேண்டும். தோளில் காவடித் தண்டு, இரு முனையிலும் வாளி. மனைவி டோயோவாக நடித்த நோபுகோ ஒட்டோவா செங்குத்தான மேட்டில் ஏறும்போது தண்டு வளைவதையும், அவர் ஒவ்வோர் அடியாகப் பார்த்துப் பார்த்து வைப்பதையும் கேமரா விடாமல் காட்டுகிறது. மேலே போய் ஒவ்வொரு செடியின் வேரிலும் ஓர் அகப்பை ஊற்றுகிறாள். காய்ந்த மண் அதை அப்படியே குடித்துவிடுகிறது.

ஒரு நாள் கால் இடறி ஒரு வாளித் தண்ணீர் கொட்டிப்போகிறது. கணவன் வந்து அவளை அறைகிறான். அவள் கீழே விழுகிறாள். வறுமை அப்படிச் செய்யவைத்தது என்று இதைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அது முடியவில்லை. அதே மேட்டில், அதே சுமையை அவளும்தானே சுமந்தாள்?

பிறகு மூத்த மகனுக்குக் காய்ச்சல் வருகிறது. கடல் தாண்டி மருத்துவரை அழைத்து வருவதற்குள் பையன் இறந்துவிடுகிறான். பள்ளிப் பிள்ளைகள் படகில் வந்து அடக்கத்தில் கலந்துகொள்கிறார்கள். அடுத்து, வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றும் வேலை. அப்போதுதான் டோயோ வாளியைக் கவிழ்க்கிறாள். செடிகளைப் பிடுங்கி எறிந்து, மண்ணில் குப்புற விழுந்து கதறுகிறாள். வசனமே இல்லாத படத்தில் அந்தக் கதறல் நம் நெஞ்சைப் பிளக்கிறது. இதையா பொறுமை என்பது? உயிரைக் கொடுத்துச் சுமந்த தண்ணீரைத் தன் கையாலேயே கொட்டும் அளவுக்கு அவளுக்குள் சீற்றம் இருந்திருக்கிறது. படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

இந்த முறை கணவன் கை ஓங்கவில்லை. பேசாமல் நின்று பார்க்கிறான். பிறகு திரும்பி அடுத்த செடிக்குத் தண்ணீர் விடுகிறான். சற்று நேரம் கழித்து அவளும் எழுந்து அகப்பையை எடுக்கிறாள். அவள் முகத்தில் சமாதானம் எதையும் நான் பார்க்கவில்லை.