பிரான்சஸ் டாவெர்ன் அப்படியே நிற்கிறதா?
நியூயார்க்கின் பழைய மதுவிடுதிக் கட்டடமான பிரான்சஸ் டாவெர்ன் 1719இல் கட்டியபடியே இன்றும் நிற்கிறது என்று ஒருவர் அதன் படத்தைப் போட்டு எழுதியிருக்கிறார். ஆண்டு சரி, ‘கட்டியபடியே’ என்பதுதான் இடிக்கிறது. டிலான்சி குடும்பத்தின் வீடாக இருந்ததை 1762இல் சாமுவேல் பிரான்சஸ் வாங்கி மதுவிடுதியாக்கினார். 1783 டிசம்பர் 4 அன்று, அமெரிக்க விடுதலைப் போரின் படைத்தலைவர் வாஷிங்டன் தன் படை அதிகாரிகளிடம் விடைபெற்றது இங்கேதான், அதை யாரும் மறுக்கவில்லை. அப்புறம் நடந்ததைத்தான் எழுதியவர் விட்டுவிட்டார். 19ஆம் நூற்றாண்டில் பலமுறை தீப்பிடித்தது. மேலே மாடிகள் ஏறின. பழைய முகமே போய்விட்டது. 1907இல் கட்டடக் கலைஞர் மெர்சரோ அந்த மாடிகளை இடித்துவிட்டு, செங்கல்லில் தெரிந்த கூரைச் சரிவின் தடத்தையும் அக்காலத்து வேறு வீடுகளையும் பார்த்து, மீதியை ஊகித்துக் கட்டினார். பழைய சுவர்கள் கொஞ்சம் உள்ளே இருக்கின்றன. அந்தப் படத்தில் தெரியும் கூரை 20ஆம் நூற்றாண்டு வேலை.