212ஆம் பக்கத்தில் மூடி வைத்த நாவல்

மூன்று மாதமாக என் தலைமாட்டில் கிடந்த நாவலை நேற்று ராத்திரி மூடி வைத்துவிட்டேன். மொத்தம் 640 பக்கம், 212இல் நிறுத்திவிட்டேன். இனி அதைத் தொடப் போவதில்லை.

இதைச் சொன்னதும் சேக்காளி ஒருத்தி, "அவ்வளவு காசு குடுத்து வாங்கிட்டுப் பாதியில விடலாமாட்டி? சரஸ்வதிக்கே அடுக்காது" என்றாள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றச் சொன்ன எங்க ஆச்சிக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. தனக்குக் கிடைக்காமல் போன ஒன்றின் மேல் அவள் வைத்திருந்த மரியாதை அது. இன்றைக்கும் என் கை தானாகக் கண்ணுக்குப் போகிறது. ஆனால் எடுத்த புத்தகத்தைக் கடைசி வரி வரை இழுத்தே தீர வேண்டும் என்று ஆச்சி ஒருநாளும் சொன்னதில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். இதை முடிக்காமல் இன்னொன்றைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்ததில், மூன்று மாதமாக நான் எதையுமே படிக்கவில்லை. ராத்திரி எடுப்பேன், இரண்டு பக்கம் போவதற்குள் கை போனைத் தேடும். காசு போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ராத்திரிகள் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

தாமிரபரணிக் கரை, மூன்று தலைமுறைக் கதை என்று பின்னட்டையில் போட்டிருந்தது. அந்த ஆற்றிலிருந்து பிரியும் பாளையங்கால்வாய்த் தண்ணீரில் விளைந்ததைத் தின்று வளர்ந்தவள் நான். வாங்காமல் எப்படி வருவேன்?

முதல் உறுத்தல் பேச்சில்தான். அந்த நாவலில் எல்லாரும் எல்லாரையும் 'ஏலே' என்கிறார்கள். மருமகன் மாமனாரைச் சொல்கிறான், பொண்டாட்டி புருஷனைச் சொல்கிறாள். திருநெல்வேலி என்றால் 'லே' போட்டால் போதும் என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் போல. எங்க ஊரில் 'ஏலே' இளையவனுக்கும் கூட்டாளிக்கும் உள்ளது. ஒரு படி மரியாதை சேர்ந்தால் 'வே' வந்துவிடும், "என்னவே, எப்ப வந்தீரு?" என்று. பெண்பிள்ளைக்கு 'ஏட்டி'. மூத்தவர் என்றால் அண்ணாச்சி. மாமனாரைப் பற்றிச் சொல்லும்போது "அவிய சொன்னாவ" என்றுதான் வாயில் வரும். ஒரு வீட்டில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. இருபது வருசம் 'வே' என்று பேசிய மனுசன் ஒருநாள் சொத்துப் பேச்சில் 'லே' என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர்களை எனக்குத் தெரியும். எடுத்த எடுப்பிலேயே எல்லாருக்கும் 'லே' போட்டுவிட்டால், அந்த முறிவை எந்தச் சொல்லால் எழுதுவது?

இருந்தாலும் படித்தேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை, சத்தமாக வாசித்துக் காட்டுவது வழக்கம். 212ஆம் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் நாற்று நடுகிறார்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர், குலவைச் சத்தம், ஆறு வெள்ளி நாடாவாக மின்னுகிறது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "பங்குனியில எவட்டி நாத்து நட்டா? உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போம்போது வழி நெடுக அறுப்புல்லா நடக்கும்!"

அம்மா சொன்னது சரி. இந்த ஆற்றுப் பாசனத்துக்கு இரண்டு போகம். ஜூன் மாதம் பாபநாசம் அணை திறந்து, தென்மேற்கு மழையை நம்பி நடுவது கார். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையோடு நடுவது பிசானம். அந்தப் பிசானம்தான் மாசி, பங்குனியில் அறுப்புக்கு வரும்.

ஒரு தகவல் தப்பாக இருப்பதற்காக நாவலைத் தூக்கி வைக்கிறவள் இல்லை நான். நல்ல நாவலில் இதைவிடப் பெரிய தப்பைக்கூட மறந்துவிடுவேன். இங்கே 212 பக்கத்தில் ஒருத்தருக்கும் இடுப்பு வலிக்கவில்லை, ஒருத்தர் காலிலும் சேறு காயவில்லை. நாற்று எப்போது நடுவார்கள் என்று கேட்காமலே எழுதியவருக்கு, நட்டவளின் முதுகு எங்கிருந்து தெரியும்?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி ரசிப்பார்களாம். கம்பராமாயணத்திலேயே கம்பன் வாக்காகத் தன் மனசுக்குப் படாத பாடல்களை அவர் தள்ளி வைத்தார், சில இடங்களில் திருத்தவும் செய்தார். திருத்தியதை அறிஞர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அதில் சம்மதமில்லை. ஆனால் தன் காதையும் மனசையும் நம்பி "இது எனக்கு வேண்டாம்" என்று சொன்ன அந்தத் துணிச்சல் நம் ஊர் வாசகர்கள் எல்லாருக்கும் வேண்டும்.

கடினமான புத்தகத்தையெல்லாம் தூக்கிப் போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புதுமைப்பித்தனின் 'கயிற்றரவு' எனக்குப் பத்தொன்பது வயதில் பிடிபடவில்லை. அப்பா இறந்த வருசம் மறுபடி எடுத்தேன், சாவையும் காலத்தையும் பற்றி அந்த மனுசன் சொன்னது அப்போதுதான் உள்ளே இறங்கியது. நடுவில் இருந்த வருசங்களில் அந்தக் கதை என்னை விட்டுப் போகவே இல்லை, பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு வரி வந்து நிற்கும். நேற்று மூடிய நாவலில் எனக்கு நினைவிருப்பது பக்க எண் மட்டும்தான். எதைத் தள்ளிப் போடுவது, எதை விட்டுவிடுவது என்பதற்கு எனக்கு இதுதான் அடையாளம்.

அடுத்து என்ன படிப்பது? ஒரு தடித்த புத்தகத்தில் ஏமாந்த பிறகு அடுத்த தடித்த புத்தகத்துக்குப் போகக்கூடாது என்பது என் அனுபவம். மெலிசாக, ஏற்கெனவே நம்பிக்கை உள்ள கையால் எழுதியதாகத் தேடினேன். அட்டை, விருது, முன்னுரை எதையும் பார்க்கவில்லை. நூலகத்தில் நின்றபடியே நடுவில் பிரித்து, பேச்சு வரும் ஒரு பக்கத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நாலாவதாக எடுத்தது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977இல் வந்த சின்ன நாவல். லாஞ்சு என்ற விசைப்படகுகள் வந்துவிட்ட கடற்கரையில் தன் வல்லத்தை, அதாவது நாட்டுப் படகை, விற்க மனமில்லாத குரூஸ் மிக்கேல், அவர் மகள் பிலோமி. எனக்கு வயல்காட்டுப் பேச்சுதான் தெரியும், கடற்கரைப் பேச்சு தெரியாது. ஆனாலும் அரைப் பக்கத்தில் அந்த வீட்டுக்குள் போய்விட்டேன். யார் யாரிடம் கோபமாக இருக்கிறார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

640 பக்கத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு' என்பது எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. மாடி வீட்டு மதினி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவளுக்குப் பிடித்தால் எனக்குச் சந்தோசம்தான்.

இன்றைக்கு அம்மாவுக்கு இரண்டு அத்தியாயம் வாசித்தேன். தூங்கிவிட்டாள் என்று விளக்கை அணைத்தேன். இருட்டில் கேட்டாள்: "ஏட்டி, அந்த மனுசன் வல்லத்த வித்துட்டாரா?"