வகுப்பை நிறுத்தியாச்சு, திருப்திதானே?

பாலியல் கல்வி வகுப்பில் கருத்தடை பற்றிப் பேசிக்கொண்டிருந்த டாக்டரம்மாவைப் பாதிப் பேச்சில் மேடையிலிருந்து இறக்கி, வகுப்பையே நிறுத்திய கதை உங்களுக்கெல்லாம் தெரியும். அதைக் கண்டித்து நான் நாலு வரி எழுதியதற்கு வந்து விழுந்த வசவுகளையும் பார்த்திருப்பீர்கள். "பிள்ளைகளைக் கெடுக்காதே" என்பதுதான் அதில் ஆகக் கண்ணியமானது.

சொல்லிக்கொடுப்பதால் யாரும் கெட்டுப்போவதில்லை. ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டியும் ஆய்வுகளை அலசிவிட்டு இதையேதான் சொல்கிறது. உங்களுக்குத்தான் வாட்ஸப்பில் வந்தால்தான் நம்பிக்கை.

தெரிந்த பெண் ஒருத்தி ராத்திரியில் போன் செய்தாள். "அக்கா, அவசர மாத்திரையை இப்பப் போட்டா கேக்குமா?" உறவு நடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்ற கருத்தடை மாத்திரை அது. கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி போட்டுக்கொள்ளக்கூட 5 நாள்தான் கெடு. மாத்திரை கையிலேயே இருந்திருக்கிறது. போட்டால் பின்னாளில் குழந்தையே பிறக்காது என்று யாரோ சொல்லிவைத்த பயம். கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதைத் தவிர அது பெரிதாக ஒன்றும் செய்யாது என்று சொல்ல ஆளில்லை. அவளோடிருந்த பையனும் ஆணுறை வைத்திருந்தானாம், பர்ஸில், ஏடிஎம் கார்டுக்குப் பின்னால், காலாவதித் தேதியே தேய்ந்துபோகிற அளவுக்கு. கிழிந்துவிட்டது. அப்புறம் என்ன ஆனது என்று எழுத எனக்கு உரிமையில்லை.

"ஆணுறையும்தான் தோற்கும்" என்கிறார் ஒரு மேதாவி. ஆமாம் சார். ஒழுங்காகப் பயன்படுத்தினால் வருடத்துக்கு 100 பெண்களில் 2 பேர் கருவுறுவார்கள், ஏனோதானோவென்று பயன்படுத்தினால் 13 பேர். நடுவிலிருக்கும் அந்த 11 பேருக்காகத்தான் வகுப்பே! தினசரி மாத்திரை, கைத்தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளாண்ட், காப்பர் டி எல்லாம் கருவைத் தடுக்கும், நோய்த்தொற்றைத் தடுக்காது, அதற்கு ஆணுறைதான் என்று டாக்டரம்மா சொல்ல வாயெடுத்தபோதுதானே மைக்கைப் பிடுங்கினீர்கள்?

"பக்கவிளைவு?" உண்டு. தினசரி மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கேட்கத்தான் விடமாட்டேன் என்கிறீர்களே.

"கட்டுப்பாடே சிறந்த பாதுகாப்பு." இருங்களேன், யார் கையைப் பிடித்து இழுத்தது? பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்வதையும் அதே வகுப்பில்தான் சொல்லித்தந்தார்கள்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது மட்டும் சுட்டது. படித்தேன், தெரிந்துகொண்டேன். இதே கேள்வியை ஓர் ஆணிடம் கேட்பீர்களா? அந்தப் பையனிடம் இன்றுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளிடம் மட்டும் அத்தனை பேரும் கேட்டார்கள்.

கமெண்டை மூடப்போவதில்லை, திட்டுங்கள். பகலில் திட்டிவிட்டு ராத்திரி இன்பாக்ஸில் சந்தேகம் கேட்ட பெரியவர்களே, பதில் அனுப்பியிருக்கிறேன். பாருங்கள்.