கேஸ் இறங்கிடுச்சு சார்!

ஏசி மெக்கானிக் வாயிலிருந்து இந்த மூன்று வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்றரை வருஷத்தில் மூன்று தடவை கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் மூவாயிரம் போல அழுதிருக்கிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீட்டில் கத்திரி வெயிலைக் கழித்தவர்களுக்குத்தான் என் ஆத்திரம் புரியும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை மலை, ராத்திரி பதினோரு மணிக்கு அதை நம் மேல் திருப்பி ஊதும். டிவிக்காரர்கள் "வேலூரில் இன்று 107 டிகிரி" என்று ஏதோ கோப்பை வாங்கியது போலச் சொல்வார்கள். எழுபத்தாறு வயது அம்மா இருக்கிற வீட்டில் ஏசி சொகுசுப் பொருள் இல்லை, மாத்திரை டப்பா மாதிரி.

போன வருஷம் முதலில் குளிர்ச்சி குறைந்தது. அப்புறம் உள் யூனிட்டில் ஐஸ் கட்டி, உருகி, அம்மா தலைமாட்டில் சொட்டியது. மெக்கானிக்குக்கு போன் போட்டால், காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் இருபது ஏசி சர்வீஸாம், முடித்துவிட்டு வருகிறாராம். நாலாம் நாள் வந்தார். பிரஷர் பார்க்கிற கேஜை மாட்டினார். "இன்னா சார், கேஸ் சுத்தமா இல்ல" என்றார். சிலிண்டரைத் திறந்தார், பைப்பைத் தொட்டுப் பார்த்தார், "சில்லுன்னு வந்துடுச்சு பாரு சார்" என்றார். பத்தே நிமிஷம். 2,800 ரூபாய்.

"எப்படிங்க இறங்குச்சு?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் ஆச்சில்ல சார், யூஸ் ஆயிருக்கும்."

யூஸ் ஆயிருக்குமா? இது என்ன சமையல் சிலிண்டரா, எரிந்து தீர? ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை ஐயா, சூட்டை இறைக்கிறது. கிணற்றில் நீர் இறைப்பது போலத்தான். கேஸ்தான் வாளி. அறைச் சூட்டை மொண்டு, வெளி யூனிட்டில் கொட்டிவிட்டு, காலி வாளியாகத் திரும்ப உள்ளே வரும். நாலு முனையும் அடைத்த செம்புக் குழாய்க்குள் சுற்றுகிற வாளி எப்படித் தேயும்? என் சித்தப்பா வீட்டு ஃபிரிட்ஜும் இதே வேலையைத்தான் பதினெட்டு வருஷமாகச் செய்கிறது. ஒரு நாளும் அது கேஸ் கேட்டதில்லை. கேஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கூலி வாங்கிப் போகிறவரை என்ன சொல்வது?

ஊற்றுவதையாவது அளந்து ஊற்றுகிறார்களா? வெளி யூனிட்டின் பக்கவாட்டில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. என் வீட்டில் இருப்பதற்கு ஆர்-32, 820 கிராம். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் வேகத்துக்குத் தக்கபடி பிரஷர் ஏறி இறங்கும், அதனால் கேஜை மட்டும் நம்ப முடியாது, எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். நேதாஜி மார்க்கெட்டில் அரைக்கிலோ முள்ளுக் கத்திரிக்காய்க்கு ஒரு காய் கூடுதலாக விழுந்தால் எடுத்துவிடுகிறார்கள். மூவாயிரம் ரூபாய்ச் சரக்குக்குத் தராசு கிடையாது, கைதான் தராசு!

ஆறு மாதத்தில் மறுபடியும் ஐஸ், மறுபடியும் சொட்டு. இந்தத் தடவை வேறு ஆள். அவரும் கேஸை ஏற்றி 3,200 வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் ஒரு குண்டையும் போட்டார். "உங்குளுது ஹாட் அண்ட் கோல்டு மாடல் சார். நாலு வழி வால்வு போற மாதிரி இருக்குது. ஒம்பதாயிரம் ஆவும்."

இதில் என் முட்டாள்தனமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆடித் தள்ளுபடியில் கடைக்காரர் தலையில் கட்டிய மாடல் அது. அந்த வால்வு திரும்பினால் அதே ஏசி வெளிச் சூட்டை உள்ளே இறைத்து அறையைச் சூடாக்கும். குளிர் ஊருக்கு அருமையான சாமான்தான். வேலூர்க்காரனுக்கு ஹீட்டர் விற்றவர் கெட்டிக்காரர், வாங்கியவன் நான். ஒரு நாள் அம்மா ரிமோட்டில் சூரியன் படத்தை அமுக்கிவிட்டு, "என்னடா இது, நெருப்பா ஊதுது" என்று அலறியதுதான் அந்த வசதியால் நாங்கள் கண்ட பலன்.

மூன்றாவது தடவை இந்த மே மாதம். அதே பல்லவி, அதே மூவாயிரம். மூன்றே வாரத்தில் பழையபடி. இதற்கு நடுவே கம்ப்ரசர் ஓயாமல் ஓடி கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டி, ஸ்லாப்பே மாறிவிட்டது. அந்தக் காசை யார் தருவார்கள்?

கடைசியில் காட்பாடியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கேஜைத் தொடவே இல்லை. "அம்மா, ஒரு டம்ளர்ல பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைச்சுக் குடும்மா" என்றார். மொட்டை மாடியில் வெளி யூனிட் பக்கத்தில் குந்தி, டார்ச் அடித்துக் காட்டினார். குழாய் வந்து சேருகிற நட்டைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுக்கு.

"கேஸோட ஆயிலும் கசியும் சார், அதுல தூசி ஒட்டிக்கும். மூணு பேர் வந்தாங்கன்ற, ஒருத்தர் கூடவா பாக்கல?"

நுரையைத் தடவினார். முதலில் கடுகளவு ஒரு குமிழி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது மிளகளவு ஆகி உடைந்தது. அடுத்தது கிளம்பியது. மூன்று தடவையும் நான் அழுத ஒன்பதாயிரம் ரூபாய் அங்கேதான் முட்டை விட்டுக்கொண்டிருந்தது! மாட்டும்போதே ஸ்பேனரால் முரட்டுத்தனமாக இறுக்கியதில் செம்புக் குழாயின் விரித்த விளிம்பு விண்டிருக்கிறது. நாலு வழி வால்வா? கல்லு மாதிரி இருக்கிறதாம்.

குழாய் முனையை வெட்டி, புதிதாக விரித்து, வேக்கம் பம்பை முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தார். மற்ற மூவரும் இந்த பம்பைக் கொண்டுவந்ததே இல்லை. அப்புறம் சிலிண்டரைத் தராசில் வைத்து 820 கிராம் ஏற்றினார். 3,500 ரூபாய். சுடுகிற தளத்தில் சாக்கு விரித்து இரண்டு மணி நேர வேலை. அந்தக் காசை மனசாரக் கொடுத்தேன்.

வெயில் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்குகிறவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு டம்ளர் சோப்புத் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று தடவையும் காற்றில் போன சரக்கு, கார்பன் டையாக்சைடை விடச் சுமார் 675 மடங்கு பூமியைச் சூடேற்றுகிற ரகம். வேலூருக்கு அதுவும் குறையா?

நேற்று சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். வருஷ ஒப்பந்தம் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். இரண்டு வாட்டர் சர்வீஸ், அதோடு வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் டாப்-அப் ஃப்ரீயாம். அம்மா பக்கத்தில் இருந்ததால் பதில் சொல்லாமல் போனை வைத்தேன்.