‘யார் போகச் சொன்னது?’ என்று கேட்பவர்களுக்கு

2025 ஜூன் 4ஆம் தேதி மாலை, ஐ.பி.எல். கிரிக்கெட் கோப்பையை வென்ற ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு அணியின் வெற்றி விழாவுக்கு வந்த கூட்டத்தின் நெரிசலில், பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசலில் 11 பேர் இறந்தார்கள். செய்தி உறுதியாவதற்குள் முகநூலில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். ‘இவர்களை யார் போகச் சொன்னது?’ ‘வேலைவெட்டி இல்லாத கூட்டம்.’ ‘ஒரு கோப்பைக்கு இவ்வளவு ஆட்டமா?’ இப்படி எழுதியவர்களில் பலர் முந்தைய இரவு அதே இறுதிப் போட்டியைக் கண்விழித்துப் பார்த்தவர்கள். செப்டம்பரில் கரூரில் 41 பேர் இறந்தபோதும் (அது அரசியல் கூட்டம், விளையாட்டு அல்ல) ஒரு சொல் மாறாமல் இவையே திரும்பி வந்தன.

யார் போகச் சொன்னது என்பதற்கு பெங்களூரில் நேரடியான பதிலே இருக்கிறது. அணி நிர்வாகம்தான் சொன்னது. வெற்றி ஊர்வலம் உண்டு, இலவச பாஸ் உண்டு என்று சமூக ஊடகத்தில் அறிவித்தது. பதினெட்டாவது முயற்சியில் கிடைத்த முதல் கோப்பை. மைதானத்தில் சுமார் 35,000 பேர் உட்காரலாம். வந்தவர்கள் இரண்டு மூன்று லட்சம் இருப்பார்கள் என்று முதலமைச்சரே சொன்னார். அகமதாபாத்தில் ஆட்டம் முடிந்தது நள்ளிரவை ஒட்டி. பெங்களூரில் விழா மறுநாள் மாலை. ஒரு காதுகுத்துக்குச் சமைக்க வருகிறவர்கூட எத்தனை இலை என்று கேட்டுக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைப்பார்.

பிறகு ஜூலையில், இடைநீக்கம் செய்யப்பட்ட ஒரு காவல் அதிகாரியின் வழக்கில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் ஒன்று சொன்னது: காவலர்களும் மனிதர்கள்தாம், அவர்கள் கையில் அலாவுதீன் விளக்கு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாசலில் நின்றவர்கள் விளக்கைக் கேட்கவில்லை. உள்ளே இடம் இருக்கிறதா, இல்லையா, எந்தக் கதவு திறக்கும், வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று சொல்ல ஓர் ஒலிபெருக்கி போதும்.

கூட்டத்தில் ஆட்கள் எப்படி இறக்கிறார்கள் என்பதே நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. கண்மண் தெரியாமல் ஓடினார்கள், மிதிபட்டுச் செத்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் ஓட இடமே இருப்பதில்லை. நின்றபடியே இறக்கிறார்கள். நான்கு பக்கமும் அழுத்தம். மார்புக்கூடு விரிய வழியில்லை. மூச்சு உள்ளே போவதில்லை. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒரு சதுர மீட்டருக்கு ஏழு பேர் என்ற அளவை நெருங்கும்போது கூட்டம் கிட்டத்தட்ட திரவமாகிவிடும் என்று எழுதினார். அதற்குள் எழும் அலை ஆட்களைத் தரையிலிருந்து தூக்கி மூன்று மீட்டர், அதற்கு மேலும் தள்ளிக்கொண்டு போகும். காலில் இருப்பது கழன்று விழும். மறுநாள் நாளிதழில் செருப்புக் குவியலின் படத்தைப் பார்த்து ‘எப்படி ஓடியிருக்கிறார்கள் பார்’ என்கிறோம். பல சமயம் அது ஓடியவர்களின் செருப்பு அல்ல, தூக்கப்பட்டவர்களின் செருப்பு. அந்த நிலையில் ஒழுக்கமானவர், ஒழுக்கமற்றவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. பின்னால் நிற்பவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. அவர் தள்ளுவது ஒரு சாண் தூரம்தான். அப்படி ஆயிரம் பேர் தள்ளினால் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஹில்ஸ்பரோ மைதானம்தான் நினைவுக்கு வரும். 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம், லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும் மோதிய எஃப்.ஏ. கோப்பை கால்பந்து அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்களில் நின்று பார்க்க டிக்கெட் வாங்கிய சுமார் 10,100 பேர் உள்ளே போக ஏழே ஏழு சுழல்கதவுகள். இன்றைய பிரிட்டிஷ் வழிகாட்டு விதிகளின்படி ஒரு சுழல்கதவு வழியாக மணிக்கு அதிகபட்சம் 660 பேர் என்றுதான் கணக்கிட வேண்டும். போட்டுப் பாருங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று மணிக்கு ஆட்டம். வாசலில் நெருக்கடி முற்றியதும் 2.52க்குக் காவல்துறை ஒரு பெரிய வெளியேறும் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே நுழைந்தவர்களுக்கு எதிரே தெரிந்தது ஒரு சுரங்க வழி. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப் பட்டிகளுக்கு (நின்று பார்ப்பவர்களுக்காக வேலி போட்டுப் பிரித்த பகுதிகள்) போகும் வழி. பக்கத்துப் பட்டிகளில் இடம் இருந்தது. சுரங்கத்தின் வாயை அடைத்து ‘இப்படிப் போங்கள்’ என்று சொல்ல அங்கே ஒருவரும் நிறுத்தப்படவில்லை. 3.06க்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். 97 பேர் இறந்தார்கள். கடைசி மனிதர் மூளை பாதிக்கப்பட்டு 32 ஆண்டுகள் கிடந்து 2021இல் இறந்தார்.

பட்டிகளுக்கு முன்னால் உயரமான கம்பிவேலி இருந்தது. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கலாட்டா செய்யக் கூடாது என்பதற்காக எழுப்பிய வேலி. உயிருக்குப் பயந்து அதில் ஏறியவர்களை முதலில் கலாட்டாக்காரர்கள் என்றே காவலர்கள் நினைத்தார்கள். சிலரைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். கட்டுப்பாட்டு அறை முதலில் அழைத்தவற்றில் ஒன்று காவல் நாய்ப் படை. அன்று பொறுப்பிலிருந்த காவல் அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்ட், கதவைத் திறக்கச் சொன்னதே தான் என்பதை மறைத்து, ரசிகர்கள் கதவை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள் என்றார். நான்காம் நாள் ‘தி சன்’ பத்திரிகை, ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியது. இறந்தவர்களின் ரத்தத்தில், குழந்தைகள் உட்பட, மது இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். பத்து வயதுப் பையனின் ரத்தத்தில்!

காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதே முக்கியக் காரணம் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிபதி டெய்லர் எழுதிவிட்டார். ஆனாலும் ‘குடிகாரக் கூட்டம்’ என்ற கதை சாகவில்லை. 2012இல் தனிக் குழு ஒன்று ஆவணங்களைத் திறந்தபோது காவலர்களின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தது தெரிந்தது. அவற்றில் 116, காவல்துறைக்குப் பாதகமான வரிகளை நீக்குவதற்காகத் திருத்தப்பட்டவை. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று 2016இல் மரண விசாரணை ஜூரி முடிவு சொன்னது. டக்கன்ஃபீல்ட் மீது நடந்த வழக்கில் அவர் குற்றவாளி அல்ல என்று 2019இல் தீர்ப்பானது.

கூட்டத்தைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோமோ, அதன்படிதான் வாசலையும் வேலியையும் கட்டுகிறோம். அது அடக்கப்பட வேண்டிய ஒன்று என்று நினைத்தால் வேலி, பூட்டு, கண்ணீர்ப்புகை. 1964இல் லிமாவில் பெருவும் அர்ஜென்டினாவும் மோதிய ஆட்டத்தில் கோல் மறுக்கப்பட்டுக் கலாட்டா வந்தது. கண்ணீர்ப்புகை வீசினார்கள். ஓடியவர்கள் படிக்கட்டின் அடியில் மூடியிருந்த இரும்புக் கதவில் போய் முட்டினார்கள். அரசுக் கணக்கில் 328 பேர். 2022இல் இந்தோனேசியாவின் மலாங் நகரில், கஞ்சுருஹான் மைதானத்தில், அதே கண்ணீர்ப்புகை, அதே குறுகிய வாசல். 135 பேர். சண்டை வரக் கூடாது என்று எதிரணி ரசிகர்களை அன்று உள்ளேயே விடவில்லை! சொந்த அணி தோற்றதும் ரசிகர்கள் மைதானத்தில் இறங்கினார்கள், உண்மை. அதற்குக் காலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் மீதும் புகையைச் சுட்டதுதான் கொன்றது. மைதானத்தில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஃபிஃபா விதியே இருக்கிறது.

மாறாக, 1985இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மரக் காலரி தீப்பிடித்தபோது முன்னால் வேலி இல்லை. ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் குதித்துத் தப்பினார்கள். இறந்த 56 பேரில் பலர், பின்பக்கம் பூட்டியிருந்த வாசல்களைத் தேடிப் போனவர்கள். இதைப் பார்த்த பிறகும் நான்கு ஆண்டுகள் ஹில்ஸ்பரோவின் வேலி அப்படியே நின்றது என்பதை என்னால் ஜீரணிக்க முடிந்ததில்லை.

ரசிகர்கள் எல்லோரும் தேவதூதர்கள் என்று நான் சொல்லவில்லை. 1985இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்செல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் எதிரணி ரசிகர்கள் மீது பாய்ந்ததில்தான் 39 பேர் இறந்தார்கள். 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் ஈடன் கார்டன்ஸ் பாட்டில் எறிந்து, காலரியில் தீ மூட்டி, ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுக்க வைத்ததை மறக்க முடியுமா? இதே நாட்டில்தான் 1999 ஜனவரியில் சேப்பாக்கம், 12 ரன்னில் தோற்ற வலியோடு, பாகிஸ்தான் அணிக்காக எழுந்து நின்று கைதட்டியது. நமக்கெல்லாம் அதில் பெருமை உண்டு, எனக்கும்தான். ஆனால் கைதட்டிய அதே கூட்டத்தை ஒரு மூடிய குறுகலான வாசலில் நிறுத்திப் பின்னாலிருந்து ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தால், அதன் பண்பாடு ஒருவரையும் காப்பாற்றாது. மதில் ஏறுவான், மரத்தில் தொங்குவான், பாஸ் இல்லாமல் வருவான் என்பதெல்லாம் தெரிந்த விஷயம்தானே? தெரிந்ததை வைத்துத் திட்டம் போடுவதற்குத்தான் அதிகாரிகளுக்குச் சம்பளம்.

நான் போயிருந்த ஒரு பெரிய மைதானத்தில் ஆட்டம் முடிந்த பிறகும் எங்கள் பக்கம் ஒரு கேட்டைத்தான் திறந்தார்கள். பக்கத்துக் கேட் ஏன் பூட்டியிருக்கிறது என்று காவலாளியிடம் கேட்டேன். ‘அது வி.ஐ.பி. வழி சார்’ என்றார். வாசலில் என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கியவர்கள், வெளியே போகும் வழியைப் பற்றி அந்த அளவுக்கு யோசித்ததாகத் தெரியவில்லை.

பெங்களூருக்குப் பிறகு விசாரணை ஆணையம் வந்தது, இடைநீக்கம் வந்தது, மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்கள் அங்கிருந்து நவி மும்பைக்குப் போயின. நல்லது. எனக்கு இன்னும் தெரிய வேண்டியது வேறு. 1987இல் இதே ஹில்ஸ்பரோவில் லீட்ஸ், கோவென்ட்ரி அரையிறுதி நடந்தது. வெளியே கூட்டம் தேங்கியதால் ஆட்டத்தைப் பதினைந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தக் கால்மணி நேரத்தைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நம் ஊரில் ஏழரை மணிக்கு முதல் பந்து விழ வேண்டும். தொலைக்காட்சி காத்திருக்கிறது, விளம்பரம் காத்திருக்கிறது. வாசலில் நெருக்கடியைப் பார்த்துவிட்டு ‘ஆட்டத்தை நிறுத்தி வையுங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் அந்த இடத்தில் யாருக்கு இருக்கிறது? அவர் சொன்னால் உள்ளே இருப்பவர்கள் கேட்பார்களா? அடுத்த டிக்கெட் வாங்கும் முன் ஏதாவது ஒரு கிரிக்கெட் சங்கம் இதை எழுத்தில் கொடுத்தால் போதும்.