ஞாயிறு வந்தால் ரயில் ஓடாத நாடு

இங்கிலாந்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஊர் சுற்ற வார இறுதியை விட்டால் வேறு நாள் ஏது? சரியாக அந்த இரண்டு நாள்களைப் பார்த்துத்தான் தண்டவாளத்தைத் தோண்டுகிறார்கள். நீண்ட விடுமுறை வந்தால் இன்னும் உற்சாகமாகத் தோண்டுகிறார்கள்.

சனிக்கிழமை கேன்டர்பரி பேராலயம், ஞாயிற்றுக்கிழமை விட்ஸ்டபிள் கடற்கரை, மாலையில் லண்டன். இவ்வளவுதான் எங்கள் திட்டம். ஞாயிறு காலையில் பேராலயத்தில் வழிபாடு நடக்கும் என்பதால் அதைச் சனிக்கிழமையே பார்த்துவிடுவது நல்லது என்றுகூட யோசித்துத்தான் கிளம்பினோம்.

முதல் நாளைப் பற்றி ஒரு குறையும் இல்லை. லண்டன் செயின்ட் பேங்க்ரஸில் அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கேன்டர்பரி வெஸ்ட். 1170 டிசம்பர் 29 அன்று பேராயர் தாமஸ் பெக்கெட்டை அரசனின் வீரர்கள் வெட்டிக் கொன்ற இடத்தைப் பார்த்தோம். அவருடைய நினைவிடத்தை 1538இல் எட்டாம் ஹென்றி இடித்துத் தள்ளினான். வெறுமையாக விட்ட அந்தத் தரையில் இன்று ஒரு மெழுகுவர்த்தி மட்டும் எரிகிறது. அந்த நினைவிடத்தைத் தேடி நூற்றாண்டுக் கணக்கில் யாத்ரீகர்கள் நடந்தே வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தங்கள் கால்கள் இயங்குமா என்ற கவலை அவர்களுக்கு இருந்திருக்காது.

கேன்டர்பரியிலிருந்து விட்ஸ்டபிள் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். ஆனால் நேரடி ரயில் கிடையாது. கேன்டர்பரி ஈஸ்ட் என்ற இன்னொரு நிலையத்துக்குப் போய், மேற்கே ஃபேவர்ஷாம் வரை சென்று, அங்கே வண்டி மாறி, மறுபடியும் கிழக்கே திரும்ப வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. நல்லவேளையாக உள்ளூர்ப் பேருந்து இருக்கிறது. அதில்தான் போனோம்.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே 1830லேயே நேரடி ரயில் ஓடியது! நீராவி வண்டியில் பயணிகளை ஏற்றிச் சென்ற உலகின் மிகப் பழைய பாதைகளில் அது ஒன்று. கடற்கரைக்குப் போகிறவர்களுக்காக 1834இல் சீசன் டிக்கெட் கூடக் கொடுத்தார்கள். உலகத்திலேயே அதுதான் முதல் சீசன் டிக்கெட் என்று சொல்கிறார்கள். பேருந்துகளோடு போட்டி போட முடியாமல் 1931இல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள், 1952இல் சரக்கு ரயிலையும். 1953 ஜனவரி இறுதியில் பெருவெள்ளம் வந்து கரையோர ரயில் பாதையை அரித்துக்கொண்டு போனபோது, மூடிக்கிடந்த இதே பாதையைச் சில நாள்களில் திறந்து, சில வாரங்கள் சரக்கு வண்டிகளை ஓட்டினார்கள். செத்த பாதைக்கே அன்று உயிர் கொடுக்க முடிந்தது. உயிரோடு இருக்கிற பாதையில் இன்று ஞாயிற்றுக்கிழமை வண்டி விட முடியவில்லை. அந்தப் பழைய வழித்தடத்தின் ஒரு பகுதி இப்போது நடைபாதை, சைக்கிள் பாதை.

விட்ஸ்டபிள் அழகுதான். கடல் வற்றும்போது நீருக்குள் நீண்டு தெரியும் கூழாங்கல் திட்டு, துறைமுகத்துச் சிப்பிக் கடைகள், எல்லாம் பார்த்தோம். ஆனால் மாலையில் நிலையத்துக்கு வந்தால் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை: பாதைப் பராமரிப்புப் பணி, ஃபேவர்ஷாம் வரை மாற்றுப் பேருந்து. டிக்கெட்டை விற்கும்போது இதைப் பெரிய எழுத்தில் சொல்ல என்ன கேடு? ரயில் கட்டணத்தைக் குறையாமல் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? ஒரு ரயில் கூட்டம் முழுவதும் நடைமேடைக்கு வெளியே நிற்கிறது. வந்ததோ ஒற்றைப் பேருந்து. அதில் கழிப்பறை இல்லை. சைக்கிளோடு வந்தவர்களை ஏற்ற மறுத்துவிட்டார்கள். குழந்தை வண்டியை மடிக்கத் தெரியாமல் ஒரு தாத்தா தவிக்க, அவருக்குப் பின்னால் வரிசையே முறைத்துக்கொண்டு நின்றது. ஏறியவர்களுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? கடற்கரையிலிருந்து வீடு திரும்பும் கார்கள் அத்தனையும் அதே சாலையில்தான்.

தண்டவாளம் மாற்றும் வேலையை இரவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் முடிக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. பாதுகாப்பாக ஓட வேண்டுமென்றால் பழுது பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வார இறுதியில் பயணிகள் குறைவு என்பதெல்லாம் கொரோனாவுக்கு முந்தைய கணக்கு. இப்போது பலர் வாரத்தில் சில நாள்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை ரயில் காலியாகப் போகிறது, சனிக்கிழமை ரயிலில் நிற்க இடமில்லை. இது கண்ணுக்குத் தெரிகிற விஷயம், ஆராய்ச்சி வேண்டியதில்லை.

சரி, தாமதத்துக்கு இழப்பீடாவது கேட்போம் என்று விண்ணப்பித்தேன். பதில் பணிவாக வந்தது. அன்றைக்கென்று திருத்தி வெளியிட்ட கால அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் தாமதத்தைக் கணக்கிடுவார்களாம். மாற்றுப் பேருந்து எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அந்த அட்டவணையிலேயே தாராளமாக எழுதிவைத்திருந்ததால், அவர்கள் கணக்குப்படி நாங்கள் ஏறக்குறைய சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். பயணத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள் என்று கடிதத்தின் கீழே ஒரு கேள்வி வேறு.